மழைக்கு முன் பூசப்படும் சுவர்: கசேனா பெண்களிடம் கற்றவை

மேற்கு ஆப்பிரிக்காவின் கசேனா மக்களுடைய வீடுகளைப் படங்களில் பார்ப்பவர்களின் கண் கறுப்பும் வெள்ளையும் சிவப்புமான முக்கோணங்களிலும் கட்டங்களிலும்தான் முதலில் போய் நிற்கும். அந்தக் கோலங்கள் அழகானவை என்பதில் ஐயமே இல்லை. ஆனால், அவற்றை வரைவதற்கு முன்பும் வரைந்த பின்பும் சுவரில் நடக்கும் வேலையை உடனிருந்து செய்தவர்களுக்கு, மழையிலிருந்து சுவரைக் காக்கும் நீண்ட பராமரிப்பு வேலையின் கடைசிக் கட்டமே அந்த வண்ணங்கள் என்பது தெளிவாகத் தெரியும். மண் கட்டுமானத்தில் பயிற்சி பெற்ற பொறியாளர் என்ற முறையில், பள்ளிக் கட்டடங்களைச் சீரமைக்கும் பணிக்காக நான் கானாவின் வடகோடியிலுள்ள நவ்ரொங்கோவில் தங்கியிருந்தேன். அப்போது அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளில் பெண்களோடு சேர்ந்து சுவர் பூசும் வாய்ப்புக் கிடைத்தது. மண்ணில் வீடு கட்ட எண்ணுபவர்களுக்கும், அந்தப் பகுதிக்குப் போய்ப் பார்க்க விரும்புபவர்களுக்கும் உதவும் என்ற நம்பிக்கையில் அங்கே கற்றவற்றை எழுதுகிறேன்.

கசேனா மக்கள் இன்று இரண்டு நாடுகளில் பிரிந்து வாழ்கிறார்கள். 1898இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாட்டையடுத்து, ஏறத்தாழ 11ஆம் வடக்கு அட்சக்கோட்டை ஒட்டி எல்லை வகுக்கப்பட்டது. அதனால் போ, தியெபெலே ஆகிய ஊர்கள் இன்றைய புர்கினா ஃபாசோவிலும், பாகா, நவ்ரொங்கோ ஆகியவை கானாவிலும் அமைந்துவிட்டன. ஒரு பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் பிரெஞ்சு படிக்கிறார்கள், மறுபக்கத்தில் ஆங்கிலம் படிக்கிறார்கள். வீட்டில் இரு பக்கத்தாரும் காசெம் மொழிதான் பேசுகிறார்கள். மண்ணும் வானமும் இரு பக்கத்திலும் ஒன்றுதான். மே மாதத்தில் தொடங்கி அக்டோபருக்குள் முடிந்துவிடும் ஒரே மழைக்காலம். அதன் பிறகு சகாராவிலிருந்து புழுதியை அள்ளிவரும் ஹர்மட்டான் காற்று. மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில். ஆண்டு முழுவதற்குமான மழை ஆறு மாதங்களுக்குள் கொட்டித் தீர்ப்பதால், மண் சுவருக்கு அங்கே ஆண்டுதோறும் ஒரு சோதனை காத்திருக்கிறது.

வீடுகளின் அமைப்பைப் பற்றிச் சிறிது சொல்லிவிட்டால் பூச்சு வேலையைப் புரிந்துகொள்வது எளிதாக இருக்கும். குடும்பங்கள் தனித்தனி வீடுகளாக இல்லாமல், சுற்றுச்சுவரால் இணைக்கப்பட்ட பல கட்டுகள் கொண்ட வளாகங்களாக வாழ்கின்றன. தியெபெலேயில் வீடுகளை மூன்று வகையாகச் சொல்வார்கள். மணமாகாத இளைஞர்களுக்கு வட்டமான வீடு. இளம் தம்பதியருக்குச் செவ்வக வடிவிலான 'மங்கோலோ'. முதியவர்களும் அவர்களோடு உறங்கும் சிறு பிள்ளைகளும் வசிப்பது 8 என்ற எண்ணின் வடிவில் இரு வட்டங்கள் ஒட்டிய 'தினியான்'. தாய்வீடு என்று மதிக்கப்படும் தினியானுக்குள்ளேதான் அடுப்பும், திரிகைக் கற்கள் பதித்த மேடையும் இருக்கும். அதன் வாசல் உயரம் இரண்டடியைச் சற்றே தாண்டும். குனிந்து, ஏறக்குறைய தவழ்ந்துதான் உள்ளே நுழைய வேண்டும். நுழைந்தவுடன் முழங்கால் உயரத்தில் இன்னொரு குட்டைச் சுவர் வழியை மறிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸபர்மா குதிரைப் படையினர் இந்தப் பகுதியைச் சூறையாடி, பிடித்தவர்களை அடிமைகளாக விற்ற வரலாற்றை அறிந்தவர்களுக்கு அந்த வாசலின் நோக்கத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தலையை முதலில் நீட்டிக்கொண்டு வருபவன் யாராக இருந்தாலும், உள்ளே இருட்டுக்குப் பழகிய கண்ணோடு காத்திருப்பவரே வலிமையானவர். பாகாவுக்கு அருகே நானியா என்ற இடத்தில் அடிமைகளை அடைத்து வைத்திருந்த பிக்வோரோ பாறைக்காட்டைப் பார்த்துவிட்டு வந்து இந்த வாசலில் குனிந்தபோது, இது கட்டடக் கலையின் நுணுக்கம் என்பதைவிட உயிர் பிழைத்த மக்களின் அறிவு என்றே எனக்குப் பட்டது.

கூரை தட்டையானது. கவட்டுக் கம்பங்களை நட்டு, மேலே உத்தரங்களும் குறுக்குக் கழிகளும் பரப்பி, மண்ணைக் கொட்டி இடித்து இறுக்குவார்கள். கம்பும் சோளமும் அங்கேதான் காயும். கோடை இரவில் குடும்பமும் அங்கேதான் படுக்கும். படிகள் செதுக்கிய ஒற்றை மரத்தண்டே ஏணி.

சுவர் எழுப்புவது ஆண்களின் வேலை. மண்ணையும் நறுக்கிய புல்லையும் நீர் விட்டு மிதித்து, உருண்டைகளாகப் பிடித்து, ஒரு படை வைத்து, அது இறுகும்வரை காத்திருந்து அடுத்த படையை வைப்பார்கள். அவசரப்பட்டுப் படைமேல் படை ஏற்றினால் கீழ்ப்படை பிதுங்கிவிடும் என்பதால், ஒரு வீட்டின் சுவர் எழுவதற்கு வாரக்கணக்காகும். இளைய தலைமுறையினர் செவ்வக வீடுகளுக்கு வெயிலில் காயவைத்த பச்சைக் கற்களைப் பயன்படுத்துகிறார்கள். ஆண்களின் பங்கு கூரையோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அந்தச் சுவர் பெண்களுடையது. எதைப் பூசுவது, எப்போது பூசுவது, எந்தக் கோலம் எங்கே வருவது என்பதையெல்லாம் அந்த வளாகத்தின் மூத்த பெண்மணியே தீர்மானிக்கிறார். ஆண்கள் அதில் கருத்துச் சொல்லி நான் ஒருமுறையும் கேட்டதில்லை.

பூச்சு வேலை அறுவடை முடிந்து களஞ்சியம் நிரம்பிய பிறகு தொடங்குகிறது. மழைக்கு முன் முடிந்துவிட வேண்டும். அதே சமயம், குளங்கள் வற்றித் தண்ணீருக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டிய நிலை வருவதற்கு முன்பும் முடிந்துவிட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் சில வாரங்களே வேலைக்காலம். நான் சேர்ந்துகொண்ட வளாகத்தில் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்களும் கூடியிருந்தார்கள். இன்று இந்த வீடு, அடுத்து அவர்களுடைய வீடு என்று உழைப்பு முறைவைத்துச் சுற்றிவருகிறது. வீட்டுக்காரர் அவர்களுக்குச் சமைத்துப் போட்டு, சோளத்தில் காய்ச்சிய பிட்டோ என்ற உள்ளூர் பீரும் கொடுக்க வேண்டும். ஒரு சுவரின் உண்மையான செலவு என்ன என்று கேட்டால், மண்ணுக்கும் நிறத்துக்கும் ஆவதைவிடக் கூடுதலாக இந்தச் சாப்பாட்டுக்கே ஆகிறது.

முதல் வேலை பழைய பூச்சைப் பார்ப்பது. மூத்த பெண்மணி விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். கெட்டியாக ஒலித்த இடத்தை அப்படியே விட்டுவிட்டார். பொத்தலாக ஒலித்த இடத்தைச் சுரண்டி எடுக்கச் சொன்னார். நன்றாக இருக்கும் பழைய பூச்சை முழுவதுமாகக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசும் வழக்கம் அங்கே கிடையாது. சுரண்டிய மண்ணும் வீணாகவில்லை. அதை ஊறவைத்து, புது மண்ணோடு சேர்த்து மிதித்தார்கள். மண் பூச்சின் பெரும் நன்மையே இதுதான். அது உதிர்ந்தாலும் பொருள் கைவிட்டுப் போவதில்லை.

பூச்சுக் கலவையில் களிமண், மணல் கலந்த செம்மண், மாட்டுச் சாணம் ஆகிய மூன்றும் முக்கியமானவை. புற்றுமண் கிடைத்தால் அதையும் சேர்க்கிறார்கள். சாணத்தை அன்றன்றே கலக்காமல், நீரில் கரைத்துச் சில நாள்கள் புளிக்கவிட்டபோது கலவையின் பிசுபிசுப்பு கூடியதைக் கையாலேயே உணர முடிந்தது. சாணத்திலுள்ள நார் வெடிப்பைத் தடுக்கிறது. புளித்த சாற்றின் பசைத்தன்மை மண் துகள்களைப் பிணைக்கிறது. அளவுக் கோப்பை எதுவும் இல்லை. கலவையை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார்த்தார்கள். உருண்டை தெறித்துச் சிதறினால் களிமண் போதாது. கொஞ்சமும் பிளக்காமல் சப்பையாக ஒட்டிக்கொண்டால் நீரோ களிமண்ணோ மிகுதி. ஆய்வுக்கூடச் சோதனைகளைக் கற்ற எனக்கும், களத்தில் முதல் முடிவெடுக்க இதைவிட விரைவான வழி தெரியாது.

முதல் பூச்சு ஏறக்குறைய ஒரு விரல் கனம். கொத்துக் கரண்டி இல்லை, உள்ளங்கைதான் கருவி. கையைக் கீழிருந்து மேலாக அழுத்தி ஓட்டினால்தான் கலவை சுவரின் பிளவுகளுக்குள் ஏறும். மேலிருந்து கீழாக இழுத்தால் பார்க்க மழமழவென்று இருக்கும், காய்ந்ததும் உரிந்து வரும். இரண்டாம் பூச்சு மெல்லியது, சலித்த மண்ணால் ஆனது. அதன் மேல் செம்புரைக் கல்லை இடித்து அரைத்துத் தோசை மாவுப் பதத்தில் கரைத்த சிவப்புக் குழம்பைக் கையாலேயே தடவுவார்கள். இந்தக் கட்டத்திலிருந்து பேச்சு குறைந்து, வேலை வேகம் பிடிக்கும். சிவப்புக் குழம்பு ஈரமாக இருக்கும்போதே கோலத்தைக் கீறி, நிறங்களை ஏற்றி, கல்லால் இழைத்து முடித்துவிட வேண்டும். ஹர்மட்டான் காற்றில் ஒரு சுவர் எவ்வளவு விரைவாகக் காய்ந்துவிடும் என்பதை அங்கே வாழ்ந்தவர்களே அறிவார்கள். ஒரே நாளில் முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் சுவரைப் பிரித்துக்கொள்கிறார்கள். அதனால்தான் பல வீடுகளில் கோலங்கள் பட்டைபட்டையாக அமைந்திருக்கின்றன என்பது என் கணிப்பு.

மூத்த பெண்மணி ஒரு குச்சியால் கோடுகளைக் கீறினார். அளவுகோலும் இல்லை, நூலும் இல்லை. வளைந்த சுவரைச் சுற்றி ஓடிவந்த பட்டை தொடங்கிய இடத்திலேயே சரியாக வந்து சேர்ந்தது. கறுப்புக்குக் கருங்கல்லை அரைத்த சாந்து. அதைக் கினிக் கோழி இறகாலும் விரலாலும் முக்கோணங்களுக்குள் நிரப்பினார்கள். வெள்ளைக்கு மாக்கல். அதை அரைப்பதில்லை, கட்டியாகவே கையில் பிடித்து, சற்று உலர்ந்த பரப்பின் மீது நேரடியாகத் தேய்க்கிறார்கள். நிறம் ஏறியதும் ஒவ்வொரு கட்டமாகக் கூழாங்கல்லால் இழைக்கும் வேலை தொடங்குகிறது. கல்லைத் தொடக்கத்தில் ஓட்டும்போது கரகரவென்று ஒலிக்கும். துகள்கள் படிந்து பரப்பு இறுகியதும் ஒலி அடங்கி, கல் வழுக்கத் தொடங்கும். எனக்குக் கொடுத்த பகுதியை நான் அந்த நிலையில் நிறுத்தப்போனபோது, பெரியம்மா ஏதோ சொன்னார். ஆங்கிலம் அறிந்த அவருடைய மருமகள் எனக்கு விளக்கினார்: "கையை எடுக்காதே மகளே, ஈரம் உள்ளே அடங்கும்வரை தேய் என்கிறார். இப்போது விட்டால் மழை வந்து உன் வேலையைத் தொடரும் என்கிறார்."

இந்த இழைப்புதான் முழு வேலையின் உயிர்நிலை என்று நான் கருதுகிறேன். ஈரமான களிமண்ணைக் கல்லால் அழுத்தித் தேய்க்கும்போது, அதன் மெல்லிய தகடு போன்ற துகள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து, இடைவெளிகளை அடைத்துக்கொள்கின்றன. மழைநீர் உட்புகும் வேகம் வெகுவாகக் குறைகிறது. ஆனால் சுவருக்குள் இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேற வழி இருக்கிறது. அந்தப் பெண்கள் தங்கள் பானைகளை இழைப்பதும் இதே கற்களால்தான். சில கற்கள் மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வந்தவை. பல ஆண்டுப் பயன்பாட்டில் கைக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கின்றன.

கடைசியில் வருவது தவதவா நீர். புர்கினா ஃபாசோ பக்கத்தில் நெரே என்று அழைக்கப்படும் இந்த மரத்தின் விதைகளைப் புளிக்கவைத்துக் குழம்புக்குச் சுவை சேர்க்கிறார்கள். நெற்றுக்குள் இருக்கும் மஞ்சள் மாவைப் பிள்ளைகள் தின்கிறார்கள். எஞ்சும் நெற்றுத் தோலை ஊறவைத்து நெடுநேரம் கொதிக்கவிட்டால் அடர்ந்த செம்பழுப்புக் கசாயம் கிடைக்கிறது. அதைத் துடைப்பத்தால் தொட்டுச் சுவர் முழுவதும் தெளித்துத் தடவுகிறார்கள். அதிலுள்ள துவர்ப்புப் பொருளான டானின், களிமண்ணோடும் அதிலுள்ள இரும்போடும் சேர்ந்து துகள்களைப் பிணைத்து, பரப்பை நீருக்கு இன்னும் கடினமாக்குகிறது. நிறங்களின் மீது அது மெல்லிய பளபளப்பையும் ஏற்றுகிறது. நம் ஊர்க் கொத்தனார்கள் சுண்ணாம்புச் சாந்துக்குக் கடுக்காய் நீர் சேர்ப்பதும் இந்தத் துவர்ப்புப் பொருளுக்காகத்தான் என்பதால், தவதவா கிடைக்காத இடத்தில் கடுக்காய் நீரை மண் பூச்சின் மேல் சோதித்துப் பார்ப்பது பயன்தரும். ஆனால் முழுச் சுவரிலும் ஒரேயடியாக இறங்காமல், ஓரடிச் சதுரத்தில் மாதிரிப் பூச்சுகள் சிலவற்றைச் செய்து, வெவ்வேறு அடர்த்தியில் கசாயத்தைத் தடவி, நன்கு காய்ந்த பிறகு ஒரு செம்பு நீரை ஒரே உயரத்திலிருந்து ஊற்றி ஒப்பிட்ட பின்பே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கோலங்களின் பொருளைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். உடைந்த சுரைக்குடுக்கைத் துண்டுகள், மீன் வலை, பருந்தின் சிறகு, முரசு, சோழி என்று பல வடிவங்களை எனக்குக் காட்டினார்கள். மலைப்பாம்பும் முதலையும் பல்லியும் சுவரில் புடைப்பாக எழுந்து நிற்பதுண்டு. மலைப்பாம்பை வீட்டைக் காக்கும் மூதாட்டியாக மதிக்கிறார்கள். பாகாவின் குளங்களில் வாழும் முதலைகள் மூதாதையரின் உயிரைத் தாங்கியவை என்பதால் அவற்றுக்குத் தீங்கு செய்வதில்லை. சுற்றுலா வழிகாட்டிகள் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் அகராதிப் பொருளை ஒப்பிப்பார்கள். அதை முழுவதுமாக ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து. வரைந்த பெண்களிடமே கேட்டபோது, சில வடிவங்களின் பொருளை அழுத்தமாகச் சொன்னார்கள். சிலவற்றுக்கு, இந்த இடத்துக்கு இதுதான் பொருந்தும் என்றார்கள். சிலவற்றைத் தங்கள் தாய்வீட்டுக் கோலம் என்றார்கள். மணமாகிக் கணவன் ஊருக்கு வரும் பெண்ணோடு அவள் பிறந்த ஊரின் கோலமும் வந்துவிடுகிறது. ஒரு வளாகத்தின் சுவர்களை அந்தக் கண்ணோடு பார்த்தால், அங்கே எந்தெந்த ஊர்களிலிருந்து பெண் எடுத்திருக்கிறார்கள் என்பதைக்கூட ஓரளவு ஊகிக்க முடியும் என்று அந்த மருமகள் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இனி, கட்டுபவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது சிமெண்டைப் பற்றி. நான் பார்த்த ஒரு பழைய மண் கட்டடத்தில், நல்ல எண்ணத்தோடுதான், யாரோ சிமெண்ட் பூச்சு பூசியிருந்தார்கள். வெளிப்பார்வைக்கு அது உறுதியாக இருந்தது. விரலால் தட்டியபோது நெடுகப் பொத்தலாக ஒலித்தது. ஓர் ஓரத்தைப் பெயர்த்ததும், பூச்சு பலகைபோல் ஒரே துண்டாக வந்தது. பின்னால் இருந்த மண் களியாக ஊறிப்போயிருந்தது. காரணம் எளிமையானது. மண் சுவர் ஈரத்தால் சற்றே உப்பிக் காய்ந்தால் சுருங்கும். சிமெண்ட் பூச்சு அதோடு சேர்ந்து அசையாததால் முடிபோன்ற வெடிப்புகள் விழும். மழைநீர் அந்த வெடிப்புகளின் வழியே உள்ளே போகும், திரும்பி வெளியேற வழி இருக்காது. மண் பூச்சு கரைந்தால் கண்ணுக்குத் தெரியும், அடுத்த கோடையில் பூசிவிடலாம். சிமெண்டுக்குப் பின்னால் சுவர் கரைவது, அது சரியும்வரை யாருக்கும் தெரியாது. மண் சுவருக்கு மண்ணாலோ சுண்ணாம்பாலோதான் பூச வேண்டும். செலவு செய்யக் கூடுதல் பணம் இருந்தால், அதைக் கூரை நீட்டத்துக்கும் அடித்தளத்துக்கும் செலவிடுவது நல்லது.

சுவர் அழிவது பெரும்பாலும் இரண்டு இடங்களில் தொடங்குகிறது. ஒன்று, கூரை விளிம்பு. தட்டைக் கூரையின் கைப்பிடிச் சுவரில் நீர் வெளியேறும் தூம்பு அடைபட்டாலோ, தூம்பு போதிய அளவு வெளியே நீளாமல் இருந்தாலோ, ஒரே இரவின் மழையில் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வாய்க்கால் விழுந்துவிடும். மற்றொன்று, தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை உள்ள பகுதி. மழைத்துளி தரையில் பட்டுத் தெறித்து அங்கேதான் அரிக்கிறது. நான் வேலை செய்த வளாகத்தில் அந்தப் பகுதியை மட்டும் கனமாகத் திரட்டிப் பூசி, வெளிப்புறமாகச் சரித்துவிட்டிருந்தார்கள். கோலம் அதற்கு மேலேதான் தொடங்கியது. சுவர் முழுவதையும் பூசச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போதுமென்றாலும், அந்த அடிப்பட்டையை மட்டும் ஆண்டுதோறும் பார்த்துப் பூசுகிறார்கள். பல வீடுகளில் இந்தப் பகுதிக்கும் கறுப்புக் கோடுகளுக்கும் இப்போது தார் பூசுகிறார்கள். கறுப்பு நீடித்து நிற்பது உண்மை. ஆனால் தாருக்கும் மண்ணுக்கும் இடையில் உரிந்து வருவதையும் பார்த்திருக்கிறேன் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தகரக் கூரைக்கு மாறும் குடும்பங்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கறையானுக்குத் தாங்கும் உத்தர மரம் கிடைப்பது அரிதாகிவிட்டது; தட்டைக் கூரையை ஒவ்வோர் ஆண்டும் பழுதுபார்க்க வேண்டிய இளைஞர்கள் வேலை தேடித் தெற்கே குமாசிக்கும் அக்ராவுக்கும் போய்விடுகிறார்கள். ஏப்ரல் மதியத்தில் தகரத்தின் கீழ் உட்கார முடியாது என்பதை எல்லோரும் அறிவார்கள், ஆனாலும் தகரம் ஒழுகுவதில்லை. இந்த நெருக்கடிக்கு விடை, அந்தப் பகுதியில் மரம் வளர்ப்பதிலும் பூச்சு வேலைக்குக் கூலி கிடைக்கச் செய்வதிலும்தான் இருக்கிறது. 'பாரம்பரியத்தை விட்டுவிடாதீர்கள்' என்று வெளியிலிருந்து வருபவர்கள் அறிவுரை சொல்வதால் ஒரு கூரையும் நிற்காது.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில செய்திகள். தியெபெலே அரச வளாகம் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து இருந்துவருவது. 2024 ஜூலையில் புது தில்லியில் நடந்த யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழுவின் 46ஆவது அமர்வில் அது உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வீடுகளை ஆண்கள் கட்ட, பெண்கள் அலங்கரிக்கிறார்கள் என்பதும், அந்த அறிவின் காவலர்கள் பெண்கள் மட்டுமே என்பதும் அந்தப் பதிவிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. நுழைவாயிலருகே முன்னோர் கல்லறைகளும், பெரியவர்கள் அமரும் கற்களும், அத்திமரமும், பிறந்த குழந்தைகளின் நஞ்சுக்கொடி புதைக்கப்படும் மேடும் இருக்கின்றன. மேட்டின் மீது ஏறி நின்று படம் எடுக்கக் கூடாது. சிவப்பு உடை அணிந்து வளாகத்துக்குள் போவதும் வழக்கத்துக்கு மாறானது, அது தலைவருக்கு உரிய நிறம். ஆனால் 2015க்குப் பிறகு புர்கினா ஃபாசோவில் வன்முறை பரவியிருப்பதால், எல்லையைக் கடக்குமுன் நிலவரத்தை நன்கு விசாரித்தே முடிவெடுக்க வேண்டும்.

எல்லையைத் தாண்ட முடியாதவர்களுக்குக் கானா பக்கத்திலேயே நிறைய இருக்கிறது. 1906இல் கத்தோலிக்க மறைப்பணியாளர்கள் நவ்ரொங்கோவில் கால்பதித்த பிறகு எழுந்த மண் தேவாலயத்தின் உட்சுவர்களை இந்தப் பகுதிப் பெண்கள் தங்கள் மண்ணாலும் நிறங்களாலும் அலங்கரித்திருக்கிறார்கள்; விவிலியக் காட்சிகளுக்குப் பக்கத்தில் கசேனா வளாகச் சுவரின் முக்கோணங்களும் கால்நடைகளும் இடம்பெற்ற அந்தக் கட்டடம் 2006இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. கிழக்கே சிரிகுவில், கசேனாக்களின் அண்டை மக்களான நங்கானாப் பெண்கள் 1997இல் தொடங்கிய மண்பாண்ட, ஓவியக் கலை அமைப்பு இருக்கிறது. அங்கே தங்கி, கட்டணம் செலுத்தி, சுவர் பூசவும் வரையவும் அவர்களிடமே கற்றுக்கொள்ளலாம். ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்கள் ஏற்றவை. பழைய துணி, நகம் வெட்டிய கை, பொறுமை ஆகிய மூன்றும் இருந்தால் போதும். படம் எடுக்குமுன் அந்தச் சுவரை வரைந்த பெண்ணிடம் கேட்க வேண்டும். வளாகத்துக்குச் செலுத்தும் கட்டணத்துக்கு மேல் அவருக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் அவரிடம் போய்ச் சேரும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

நான் அங்கிருந்து கிளம்பும் நேரத்தில், வளாகங்களைப் புதுப்பிக்க உதவ விரும்பிய சிலர் எந்த வேலைக்கு முதலில் பணம் கொடுப்பது என்று என்னிடம் கேட்டார்கள். வண்ணம் பூசுவதைத்தான் அவர்கள் மனத்தில் வைத்திருந்தார்கள். முதலில் கூரைத் தூம்புகள், அடுத்து உத்தரங்கள், அடுத்து அடிப்பட்டை, அதன் பின் பூச்சு, கடைசியாக நிறம் என்று வரிசைப்படுத்திக் கொடுத்துவிட்டு, அந்தப் பட்டியலைப் பெண்களிடமும் காட்டச் சொன்னேன். அவர்கள் வரிசையை ஏற்றுக்கொண்டு, அதற்கு மேலே இரண்டைச் சேர்த்தார்கள்: பூச்சுக் காலத்தில் தண்ணீர் சேர்த்து வைக்க வளாகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தொட்டி, வேலைக்கு வரும் பெண்களுக்கு அந்த வாரங்களுக்கான தானியம். பள்ளிக்குப் போகும் பெண் பிள்ளைகள் விடுமுறையில் வந்து பின்சுவரில் வரைந்து பழக, கொஞ்சம் செம்மண்ணும் மாக்கல்லும் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும் என்று மூத்த பெண்மணி கேட்டுக்கொண்டார். பட்டியலில் அதையும் எழுதிச் சேர்த்தோம்.